கணக்கு வாத்தியார் பதில்கள்: கதவு எண் 1054

கேள்வி: எங்கள் வீட்டுக் கதவு எண் 1054. "இது வெறும் இரட்டைப்படை எண், இதில் ஒன்றுமே இல்லை" என்கிறாள் ஏழாவது படிக்கும் என் மகள். அப்படித்தானா சார்? (வாசகர், தாராபுரம்)

பதில்: அவளிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். 1054-ஐ இரண்டால் வகுத்தால் 527. இங்கேதான் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். 3, 7, 11, 13 எதனாலும் 527 வகுபடாது. 17-ஐப் போட்டதும் 31 என்று மீதியில்லாமல் வரும். அதாவது 2 × 17 × 31, மூன்றும் பகா எண்கள்.

இனி வகுத்திகளை எழுதச் சொல்லுங்கள்: 1, 2, 17, 31, 34, 62, 527, 1054. எட்டையும் கூட்டினால் 1728. அது 12 × 12 × 12! ராமானுஜனின் 1729-க்கு ஒன்றுதான் குறைவு. முப்பத்தெட்டு வருடம் வகுப்பில் கணக்கு போட்டவன் நான். இந்தக் கூட்டல் முதல் முறை வந்தபோது நம்பாமல் மறுபடியும் கூட்டினேன். ஏன் இப்படி வருகிறது? பகா எண் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினாலும் இதே விடைதான்: 3 × 18 × 32. அதைப் பிரித்தால் ஆறு இரண்டுகளும் மூன்று மூன்றுகளும் கிடைக்கும். மூன்று பேருக்குச் சமமாகப் பங்கு போடலாம், ஆளுக்கு 2 × 2 × 3. அதனால்தான் 1728 கன எண், அதாவது ஒரே எண்ணை மூன்று முறை போட்டுப் பெருக்கி வருவது.

கேள்வி: கி.பி. 1054-இல் வானத்தில் ஏதோ வெடித்ததாமே, உண்மையா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: உண்மை. ஆனால் வெடித்தது அந்த ஆண்டில் இல்லை, அம்மா. அந்த விண்மீன் சுமார் 6,500 ஒளியாண்டு தூரத்தில் இருந்தது. அது வெடித்துப் பல ஆயிரம் ஆண்டுகள் கழித்துத்தான் வெளிச்சம் இங்கே வந்தது. 1054 ஜூலை 4 அன்று சீன வானியலாளர்கள் அதைப் பார்த்து 'விருந்தாளி விண்மீன்' என்று எழுதி வைத்தார்கள். 23 நாள் பகலிலேயே தெரிந்தது. இரவில் 1056 ஏப்ரல் வரை தெரிந்தது.

அதே ஜூலை 16-இல், கான்ஸ்டாண்டினோபிளின் ஹாகியா சோபியா தேவாலயப் பீடத்தில் ரோமின் தூதர் ஹம்பர்ட் சபைநீக்க ஓலையை வைத்தார். கிழக்கும் மேற்குமாகத் திருச்சபை பிரிந்த கதையில் அது பெரிய நாள். நம் பக்கம், கொப்பம் போரில் ராஜாதிராஜ சோழன் யானைமேலேயே மாண்டதையும் வரலாற்று நூல்கள் பொதுவாக இந்த ஆண்டில்தான் வைக்கின்றன.

ஆனால் 1054 என்பது கி.பி. கணக்கில் மட்டும்தான். சீனர்களுக்கு அது ஜிஹே என்று பெயரிட்ட ஆட்சிக்காலத்தின் முதல் ஆண்டு. நம் நாட்டுச் சக ஆண்டுக் கணக்கில் 976. அதைப் பிரித்தால் நான்கு இரண்டுகளும் ஒரு 61-உம்தான் வரும், 1728 வராது. கதவு எண்ணுக்குச் சொன்ன அதிசயம் எண்ணுக்கு உரியது, அந்த ஆண்டுக்கு இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அந்த விண்மீன் வெடிப்பின் மிச்சம்தான் நண்டு நெபுலா என்கிற வாயு மேகம். நடுவில் ஒரு நியூட்ரான் விண்மீன், அதாவது வெடித்ததன் இறுகிப்போன உள்மையம், நொடிக்கு 30 முறை தன்னைத்தானே சுற்றுகிறது. ஏலகிரியில் நண்பரின் ஆறு அங்குலத் தொலைநோக்கியில் பார்த்தேன். கண்ணாடியில் மூச்சுவிட்டால் படியுமே, அந்த மாதிரி ஒரு வெள்ளை. மார்கழி இரவில் ரோகிணியைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் ரிஷபத்தின் தெற்குக் கொம்பு நுனிக்குப் போங்கள். அதன் பக்கத்திலேயே இருக்கிறது. நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், கண்ணைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்.