கூடத்தில் ஸ்பீக்கரை எங்கே வைப்பது? கேள்வி பதில்

மைக்செட் கட்டியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. நாலு தெருவுக்குக் கேட்கவைப்பது ஒரு வேலை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக் கேட்கவைப்பது வேறு வேலை. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள எனக்கு அதிக நாளானது. வந்த கேள்விகளில் பாதி, ‘எதை வாங்கலாம்’ என்பதுதான். ‘எங்கே வைக்கலாம்’ என்று கேட்டவர்களுக்கு முதல் பந்தி.

கும்பகோணத்திலிருந்து: பத்துக்குப் பத்து அறை. டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி இரண்டு மூலையிலும் வைத்தேன். மிருதங்கம் பானைக்குள் தட்டுவது போலக் கேட்கிறது. ஸ்பீக்கரை மாற்றிவிடவா?

அவசரப்படாதீர்கள், குற்றம் அறையில் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,145 அடி ஓடுகிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது நொடிக்கு 57 தடவை அதிரும் தாழ்ந்த ஒலி சிக்கிக்கொண்டு வீங்கும். உங்கள் அறையில் நீளமும் பத்து, அகலமும் பத்து. தளமும் பத்தடி உயரத்தில் இருந்தால் மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தில் வீங்கும். ஒலியை ரொம்பவும் கிளறிவிடும் இடம் மூலை. நீங்கள் இரண்டு ஸ்பீக்கரையும் அங்கேயே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள்.

மிருதங்கத்தில் கும்கி வரும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். தொப்பியில், அதாவது இடக்கைப் பக்கத் தோலில், உள்ளங்கை அழுந்தி நகரும்போது ஒலி வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். மோசமான அறையில் அது ஓரிடத்தில் ‘பூம்’ என்று உப்பி, அடுத்த இடத்தில் காணாமல் போகும். இதைவிட நல்ல சோதனைக் கருவி எனக்குத் தெரியாது.

முதலில் ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். பின்சுவரிலிருந்து இரண்டடி, பக்கச் சுவரிலிருந்து அதைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ. இரண்டு தூரமும் ஒன்றாக இருக்க வேண்டாம். அப்புறம் நாற்காலி. அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த 57 ஹெர்ட்ஸ் காதுக்கே வராது, சுவரில் முதுகைச் சாய்த்தால் அதுதான் முழுக்க வரும். முதுகுக்குப் பின்னால் மூன்றரை, நாலடி விட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சேர்ந்து ஏறக்குறைய சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் காது உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் மூன்றடியில். இதற்குப் பிறகும் பானைச் சத்தம் போகாவிட்டால், அந்த அறைக்கு டவர் அதிகம்தான். தடித்த ஒலி தரும் வூஃபர் ஐந்து அங்குலத்தில் உள்ள சின்னப் பெட்டி போதும்.

மன்னார்குடியிலிருந்து: தாத்தா காலத்து ஓட்டு வீடு, முற்றம், பெரிய கூடம். அறுவடை முடிந்து நெல் மூட்டை அடுக்கியிருந்தபோது பாட்டு அருமையாக இருந்தது. மூட்டை போனதும் எதிரொலிக்கிறது. பிரமையா?

பிரமையே இல்லை. மேடும் பள்ளமுமாக அடுக்கிய மூட்டைகள் ஒலியைச் சிதறடிக்கும். சாக்கும் நெல்லுக்கு இடையிலுள்ள சந்துகளும் கொஞ்சத்தை விழுங்கும். காலிக் கூடத்தில் சிமெண்ட் தரையும் வெறும் சுவரும்தான் மிச்சம். முற்றம் உங்களுக்கு வரம், தடித்த ஒலி அந்த வழியாக வெளியேறிவிடும். மீதியை ஒரு கண்ணாடியை வைத்துச் சரிசெய்யலாம். நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். பையனை முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் முதல் எதிரொலி உங்கள் காதுக்கு வருகிறது. அந்த இடத்தில் புத்தக அலமாரி வையுங்கள், அல்லது பழைய பஞ்சு மெத்தை ஒன்றை நிறுத்துங்கள். தரைக்கு ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். கோரைப்பாய் மெல்லிசு, அதனால் பெரிய பயன் இல்லை.

எதிரொலிக்குச் சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். கரப்பான் பூச்சிதான் சேரும்.

மயிலாடுதுறையிலிருந்து: கடையில் 5,000 வாட்ஸ் என்று எழுதிய பெட்டியைக் காட்டுகிறார்கள், அண்ணே. விலையும் குறைவு.

அது பி.எம்.பி.ஓ. கணக்கு, ஒரு கண உச்சத்தைச் சொல்லும் விளம்பர எண், காகிதத்தில் மட்டும் ஓடும் குதிரை. தொடர்ந்து ஓடும் வாட்டைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது. 84 டெசிபல் பெட்டிக்கு 40 வாட் கொடுத்து வரும் சத்தத்தை, 90 டெசிபல் பெட்டி 10 வாட்டிலேயே கொடுத்துவிடும். சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுக்க முறுக்கி, ஒலி கிழியக் கிழியக் கேட்டால் முதலில் எரிவது ட்வீட்டர்தான்.

திருவாரூரிலிருந்து: எல்லாம் நீங்கள் சொன்னபடி வைத்தும் குரல் நடுவில் நிற்கவில்லை, சார். பழைய நாகஸ்வரப் பதிவுகள்தான் அதிகம் கேட்பேன்.

பழைய பதிவு என்றால் நல்லதாகப் போயிற்று. நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956-இல். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததே அதற்குப் பிறகு. ஆகவே அவர் வாசித்தவை மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. சரியாக வைத்திருந்தால் நாகஸ்வரம் இரண்டுக்கும் நட்டநடுவில், வெறும் சுவரிலிருந்து வர வேண்டும். வராமல் அறை முழுக்கப் பரவி, தவிலின் கனமும் மெலிந்திருந்தால் ஒரு பக்க ஒயரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும்.

சிரிக்காதீர்கள், இதே தவறோடு என் வீட்டிலேயே ஒரு மாதம் கேட்டேன். ‘ஒலி என்ன விசாலம்!’ என்று வந்தவர்களிடம் பெருமை வேறு. கடைசியில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்து ஒயர்களைக் கழற்றி, அந்த முனைகளில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். பிளஸ்ஸோடு பிளஸ் சேரும்போது வூஃபர் கூம்பு முன்னால் வர வேண்டும். ஒன்று முன்னால் வந்தது, இன்னொன்று உள்ளே போனது. இரண்டு ஒயரை மாற்றிப் போட்டதும் தவில்காரர் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார். ஒயருக்கு ஆயிரக்கணக்கில் செலவு வேண்டாம், வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தாராளம்.

வேதாரண்யத்திலிருந்து: உப்புக் காற்று. என்ன பார்த்து வாங்குவது?

வூஃபரைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பராக இருக்கட்டும். ஃபோம் சில வருஷங்களில் பொடியாக உதிரும். ஒயர் முனைகளை வருஷம் ஒரு தடவை கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். பெட்டி பெரும்பாலும் மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைதான். வீடு கழுவும் தண்ணீர் அடியில் ஏறினால் ஊறிப்போன பிஸ்கட் மாதிரி உப்பும், ஸ்டாண்டு போட்டுவிடுங்கள். பின்னால் காற்றுத் துளை இருந்தால், கேட்காத நேரத்தில் ஒரு துணிப் பந்து அடையுங்கள். பல்லி குடும்பத்தோடு குடியேறிய பெட்டிகளை நான் திறந்திருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து: உங்கள் பதில்களைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் ஸ்பீக்கரைக் கூடத்து நடுவே இழுத்து வைக்கிறார். பெருக்கும்போது இடிக்கிறது. ஏதாவது சொல்லுங்கள் ஐயா.

பழி என்மேல்தான், அம்மா. கேட்கும் நேரத்தில் மட்டும் இழுத்தால் போதும். ஸ்டாண்டுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டச் சொல்லுங்கள், கீறாமல் நகரும். சரியான இடம் எது என்று தினமும் தேட வேண்டாம். உங்கள் வீட்டில் டைல்ஸ் இருந்தால், எத்தனையாவது கோட்டில் நிற்க வேண்டும் என்று எண்ணி வைத்துக்கொள்ளட்டும். என் வீட்டில் சுவரிலிருந்து மூன்றாவது கோடு. கச்சேரி முடிந்ததும் பின்னால் தள்ளிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும் என்று உத்தரவு.