1.4 லட்சம் கி.மீ. ஓடிய சான்ட்ரோவில் ஸ்பார்க் பிளக்கை நானே மாற்றலாமா? கூடவே வேறு என்ன பார்க்க வேண்டும்?

நீங்கள் சொன்ன விவரம் இது: 2009 மாடல் சான்ட்ரோ ஜிங், 1.4 லட்சம் கிலோமீட்டர். மேம்பாலம் ஏறும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது, சிக்னலில் நின்றால் வண்டி நடுங்குகிறது, மைலேஜும் இறங்கிவிட்டது. மெக்கானிக் பிளக், பிளக் வயர், காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), த்ரோட்டில் பாடி (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்துவது) கிளீனிங், இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சுவது) கிளீனிங் எல்லாவற்றையும் ஒரே எஸ்டிமேட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நீங்களே மாற்றலாம். மற்ற எதற்கும் இப்போதைக்குச் சரி சொல்லாதீர்கள். முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். இவ்வளவு ஓடிய வண்டியில் அடுத்து எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பதை அவையே முக்கால்வாசி சொல்லிவிடும். என்னிடமும் ஒரு பழைய சான்ட்ரோ ஜிங் இருக்கிறது, அதை வைத்தே சொல்கிறேன்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக் மாட்டியிருக்கும் சிலிண்டர் ஹெட் (எஞ்சினின் மேல் பகுதி) அலுமினியம். சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரை போய்விடும், அப்புறம் லேத் பட்டறையில் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாகச் செருகும் கம்பிச் சுருள்) போடும் செலவு வந்து சேரும். வயரைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். நுனியில் இருக்கும் ரப்பர் பூட்டைப் பிடித்துச் சற்றுத் திருப்பிவிட்டு இழுங்கள். எந்த வயர் எந்த சிலிண்டருக்கு என்று டேப் ஒட்டி எண் போட்டுவிடுங்கள். பிளக்கைத் திருகுவதற்கு முன் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் காற்றடித்து வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். பெரும்பாலான கார்களுக்கு 16 மி.மீ. பிளக் சாக்கெட் போதும், சில பழைய எஞ்சின்களுக்கு 21 மி.மீ. தேவைப்படும். உள்ளே ரப்பர் வைத்த சாக்கெட்டாக வாங்குங்கள். பிளக் நழுவி விழுந்து பீங்கான் விரிசல் விட்டால் அது வீண்தான்.

கழற்றிய பிளக்குகளை ஒரு வெள்ளைத் துணியில் 1, 2, 3, 4 என்று வரிசை மாறாமல் வையுங்கள்.

நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நல்லது. விரலில் ஒட்டும் காய்ந்த கரி நான்கிலும் இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார் பக்கம் பாருங்கள். குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டியிலும் இப்படிப் படியும். ஒரே ஒரு பிளக்கில் மட்டும் கரி என்றால் அந்த சிலிண்டருக்கு ஸ்பார்க் ஒழுங்காக வரவில்லை என்று சந்தேகிக்கலாம். நுனி வெள்ளையாக வெளுத்துக் கொப்புளம் போட்டதுபோல் இருந்தால் அதிகச் சூடு. கூலண்ட் அளவையும், பிளக்கின்மேல் அச்சிட்டிருக்கும் எண் கையேட்டோடு பொருந்துகிறதா என்பதையும் சரிபாருங்கள்.

நுனி ஈரமாக, கறுப்பாக, ஆயில் நாற்றத்தோடு வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. என் வண்டியில் மூன்றாவது சிலிண்டர் பிளக் மட்டும் இப்படித்தான் வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை வந்து கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அது பெரும்பாலும் வால்வு ஆயில் சீலின் வேலை, எனக்கும் அதுதான். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் புகை கூடினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பிளக்குகள் வெளியே இருக்கும்போதே கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்துவிடுவது நல்லது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ரிங் என்று தெரிந்துவிட்டால் இன்ஜெக்டர் கிளீனிங்குக்குப் பணம் கட்டுவது தண்டம்.

நான்கில் ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கூலண்ட்டும் குறைந்துகொண்டே வருகிறதென்றால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள பேக்கிங்) வழியாகத் தண்ணீர் அந்த சிலிண்டருக்குள் போகிறது என்று பொருள்.

நுனி சுத்தமாக இருந்து, மேலே பீங்கானிலும் ரப்பர் பூட்டிலும் ஆயில் ஒட்டியிருந்தால் அது வேறு கதை. டாப்பெட் கவர் (எஞ்சினின் மேல் மூடி) பேக்கிங் அல்லது பிளக் குழியின் சீல் கசிகிறது. சின்ன வேலைதான், இதைப் பார்த்து யாராவது போர் வேலை (எஞ்சினைப் பிரித்து சிலிண்டரைக் கடைவது) என்று பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். இன்னொன்றும் உண்டு: பீங்கான் இரும்போடு சேரும் இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையக் கறை இருக்கும். இதைக் காட்டி 'கேஸ் லீக்' என்பார்கள். உயர் மின்னழுத்தம் காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகளை இழுத்து அங்கே ஒட்டவைக்கிறது, அவ்வளவுதான். கெடுதல் இல்லை.

சான்ட்ரோவில் ஒரு காயில் பேக்கிலிருந்து வயர் வழியாக நான்கு பிளக்குக்கும் கரண்ட் போகிறது. 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி. ஜோடியில் ஒன்றில் நடு முனையிலிருந்து ஓர முனைக்கும், மற்றதில் எதிர்த்திசையிலும் ஸ்பார்க் பாயும். ஆகவே ஒரு பிளக்கில் நடு முனையும் அதன் ஜோடியில் ஓர முனையும் அதிகம் தேய்ந்திருந்தால் அது இயல்புதான். ஒரு ஜோடி மட்டும் சேர்ந்து மிஸ் ஆனால், அதாவது ஸ்பார்க் தவறினால், காயில் மேல் கை வைக்கலாம். ஒரே சிலிண்டர் என்றால் முதலில் வயர்.

வயரைச் சோதிக்கக் காசே தேவையில்லை. ராத்திரி இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, வயர்கள்மேல் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர்ப் பனி அடியுங்கள். இன்சுலேஷன் போன இடத்தில் நீலப் பொறி நடனமாடும். அந்த நேரத்தில் கையை மட்டும் தள்ளியே வையுங்கள், இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் விளையாடும் இடம் அது. வயர் மாற்றுவதென்றால் செட்டாக மாற்றுங்கள்.

புதிய பிளக்கைப் பொறுத்தவரை கையேட்டில் இருக்கும் எண்ணை அப்படியே வாங்குங்கள். 'அதே ரேஞ்ச்தான் சார்' என்று வேறு கம்பெனியை நீட்டினால் கவனம். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் 'கோல்ட்' பிளக் (சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும்), பாஷில் எண் கூடினால் 'ஹாட்' (சூட்டைத் தக்கவைக்கும்). ஒன்றின் எண்ணை மற்றொன்றில் தேடக்கூடாது. சென்னையில் என்றால் ஜி.பி. ரோட்டில் கிடைக்காத பிளக் இல்லை, போலியும் கிடைக்கும் என்பதால் பில் தரும் கடையாகப் பாருங்கள். சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கி.மீ. வரை ஓடும். இரிடியம் ஒரு லட்சத்தைத் தொடும், விலையும் அதற்கேற்றபடி. ஆயில் குடிக்கும் எஞ்சினில் இரிடியம் போடுவதை நான் வீண் என்பேன்.

பிளக்கின் நடு முனைக்கும் ஓர முனைக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் (கனம் குறித்த மெல்லிய தகடுகள்) பாருங்கள். பைக் மெக்கானிக்குகள் ஹேக்ஸா பிளேடை நுழைத்துப் பார்ப்பார்கள், அதன் கனம் ஏறக்குறைய 0.65 மி.மீ. பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அது சரிப்பட்டது. ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இடைவெளி கேட்கும் எஞ்சினுக்கு உதவாது. பழைய பிளக்கை உப்புத்தாளில் தேய்த்து மறுபடி மாட்டுவதும் வேண்டாம்.

மாட்டும்போது முதலில் ராட்செட் வேண்டாம். சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் கையால் மட்டும் திருப்புங்கள். மரை சரியாகப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும், முரண்டு பிடித்தால் கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். வாஷர் வைத்த புதிய பிளக் கையால் இறுகியபின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் கணக்கு. மரையில் கிரீஸ் தடவாதீர்கள், தேவைக்கு மேல் இறுகிவிடும்.

நடுக்கம் நின்றதா என்று சில நாள் ஓட்டிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் த்ரோட்டில் பாடியைச் சுத்தம் செய்யலாம், இன்ஜெக்டர் அதற்கும் அப்புறம். மிஸ்ஸிங்கோடு மாதக்கணக்கில் மட்டும் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும், அதன் விலைக்கு இந்த எஸ்டிமேட்டே தேவலை.

மைலேஜ் முழுவதும் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு (10 சதவீத எத்தனால்) ஏற்ப டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்கிறது. அந்தக் குறையைப் பிளக் ஈடுகட்டாது.

கடைசியாக ஒன்று. இந்த எஞ்சினில் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்குவது டைமிங் பெல்ட், செயின் அல்ல. மெக்கானிக் தந்த எஸ்டிமேட்டில் அது இல்லவே இல்லை. எப்போது மாற்றியது என்று சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். பதிவு ஏதும் இல்லையென்றால் பிளக்குக்கும் முன்னால் அதை மாற்றிவிடுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் வால்வு வளைந்து ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும்.