வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியைத் திறக்க நிலையான ஐபி வாங்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 63 வயது. காரைக்குடியில் எங்கள் குடும்பத்தின் சிறு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்கு நான் இயக்குநர். டேலி கணக்கும் பழைய கோப்புகளும் வீட்டிலுள்ள மேசைக் கணினியில் இருக்கின்றன. அதில் விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ளது. மகன் வீட்டில் தங்குவதற்காக நான்கு மாதம் சென்னைக்குப் போகிறேன். அங்கிருந்து உலாவி வழியாகவே வீட்டுக் கணினியைத் திறக்கலாம் என்கிறார்கள். எங்கள் ஊர்க் கணினிக் கடைக்காரர், நிலையான ஐபி முகவரி, ஒரு மென்பொருள், அமைத்துத் தரும் கூலி என எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் கேட்கிறார். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டுமாம். இது தேவையா? டிஜிட்டல் கையொப்பமிட உதவும் யுஎஸ்பி சாதனமான டிஎஸ்சி டோக்கனைக் கணினியிலேயே செருகி வைத்துவிட்டுப் போகலாமா?

பதில்: தேவையில்லை. உங்கள் பணிக்குக் கூகுள் நிறுவனம் கட்டணமின்றித் தரும் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் வசதியே போதும். அதற்கு நிலையான ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்புக்கென மாறாமல் இருக்கும் எண் முகவரி, வேண்டியதில்லை. சென்னையில் உங்கள் மகனின் மடிக்கணினியில் உலாவியைத் தவிர வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை. டோக்கனைச் செருகி வைத்துவிட்டுப் போகாதீர்கள். அதைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

நிலையான ஐபியை விற்பவர்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. இந்தியாவில் பெரும்பாலான வீட்டு இணைய இணைப்புகளுக்குத் தனி முகவரியே கிடையாது. ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் காட்டப்படும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இதை இணைப்புத் தரும்போதே ஒரு வரியில் எழுதித் தந்தால் என்ன குறைந்துவிடும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துக் கேட்டால், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற ஒரே பதில்தான் வருகிறது. குரோம் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. கதவிலக்கம் இல்லாத வீட்டுக்காரர் தாமே தபால் நிலையத்துக்குப் போய்த் தமக்கு வந்த கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வதுபோல, வீட்டுக் கணினி தானாகவே வெளியே சென்று கூகுளின் வழங்கியோடு (சர்வர்) தொடர்பு வைத்துக் காத்திருக்கிறது. நீங்கள் சென்னையிலிருந்து கேட்டதும் அந்தத் தொடர்பின் வழியே இரண்டு கணினிகளும் இணைகின்றன. இடையே செல்லும் தரவு, பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டே செல்கிறது.

கடைக்காரர் நிலையான ஐபியோடு சேர்த்து விற்கும் மென்பொருள் எது என்று நீங்கள் எழுதவில்லை; ஆனாலும் என்னால் ஊகிக்க முடிகிறது. விண்டோஸில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப் வசதி, வெளியிலிருந்து வரும் இணைப்பை ஹோம் பதிப்பில் ஏற்காது. அதை ஏற்கவைக்க அதிகாரபூர்வமற்ற ஒட்டு மென்பொருள் ஒன்றைப் போட்டு, ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசலை, திறந்துவிடுவது பல கடைகளில் நடக்கும் வேலை. இணையத்தில் அந்தப் போர்ட் திறந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. 2019 மே மாதத்தில் இந்த வசதியில் கண்டறியப்பட்ட ப்ளூகீப் என்ற ஓட்டை எவ்வளவு கடுமையானது என்றால், 2014இலேயே ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. ஆகவே, போர்ட்டைத் திறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இனி, அமைக்கும் முறை. வீட்டுக் கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து, முகவரிப் பட்டையில் ரிமோட்டெஸ்க்டாப் என்பதை இடைவெளியில்லாத ஒரே ஆங்கிலச் சொல்லாகத் தட்டி, தொடர்ந்து டாட் கூகுள் டாட் காம் என்று முடியுங்கள். கூகுளில் தேடி, முதலில் வருவதைச் சொடுக்க வேண்டாம். மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம், சில வேளைகளில் போலி. வந்த பக்கத்தில் தொலை அணுகல் பகுதியில் உள்ள பதிவிறக்கக் குறியை அழுத்தினால், நீட்சியையும் சிறு நிரலையும் நிறுவச் சொல்லும். நிறுவியதும் கணினிக்கு ஒரு பெயரும், குறைந்தது 6 இலக்கம் கொண்ட ஒரு பின் எண்ணும் கேட்கும். பிறந்த ஆண்டையும் தேதியையும் பின் எண்ணாக வைக்காதீர்கள். சென்னையில் அதே கணக்கில் நுழைந்து அதே பக்கத்தைத் திறந்தால் கணினியின் பெயர் தெரியும். சொடுக்கிப் பின் எண்ணைக் கொடுத்தால் உங்கள் வீட்டுத் திரை வந்துவிடும்.

இந்தக் கால் மணி நேர வேலையைத் தயவுசெய்து நீங்களே செய்யுங்கள், அல்லது உங்கள் மகனை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நான் பார்த்தவரையில் ஏமாற்றம் நடப்பது இந்த இடத்தில்தான். அமைத்துத் தர வருபவர், உங்கள் கடவுச்சொல் நினைவில்லையா, பரவாயில்லை என்று சொல்லித் தம் சொந்தக் கணக்கில் நுழைந்து எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார். பிறகு அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி உங்களிடம் தருகிறார். கணினி எந்தக் கணக்கில் பதிவாகியிருக்கிறதோ, அந்தக் கணக்கின் உரிமையாளர் உலகின் எந்த மூலையிலிருந்தும் அதைத் திறக்கலாம். பின் எண்ணை வைத்தவரும் அவரே. நான்கு மாதம் ஆளில்லாத வீட்டில் உங்கள் கணக்குப் புத்தகம் அவர் கையில் இருக்கும். சிலர் இதைத் தீய எண்ணத்தோடு செய்வதில்லை, அடுத்த ஆண்டும் நீங்கள் தம்மிடமே வர வேண்டும் என்பதற்காகச் செய்கிறார்கள். இரண்டுக்கும் விளைவு ஒன்றே. ஏற்கெனவே யாராவது இப்படி அமைத்திருந்தால், கணினியின் நிரல்கள் பட்டியலில் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் ஹோஸ்ட் என்பதை நீக்கிவிட்டு உங்கள் கணக்கில் புதிதாக நிறுவுங்கள். அதே பட்டியலில் தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் அவற்றையும் நீக்குங்கள். உங்கள் கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அதற்கான கைப்பேசியை மறக்காமல் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

கணினி உறங்கிவிட்டால் எந்த வசதியும் வேலை செய்யாது. விண்டோஸின் மின் அமைப்பில் உறக்கத்தை ‘ஒருபோதும் இல்லை’ என்று மாற்றுங்கள். திரை மட்டும் அணையலாம். மின்சாரம் போய் வந்தால் கணினி தானே இயங்க, பயாஸ் எனப்படும், கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை நிரலின் அமைப்பில் அதற்கென ஒரு தெரிவு இருக்கும். மேசைக் கணினிகளில் பொதுவாக உண்டு. கணினி மறுபடி இயங்கியதும் யாரும் கடவுச்சொல் தட்டாவிட்டாலும் இந்தச் சேவை பின்னணியில் தொடங்கிவிடும். நுழைவுத் திரையை நீங்கள் சென்னையிலிருந்தே கடக்கலாம். ரவுட்டருக்கும் யுபிஎஸ் தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டோக்கன் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்தால், கணினி டோக்கனை நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தேடும். காரைக்குடியில் செருகியிருக்கும் டோக்கன் அதன் கண்ணில் படாது. 9,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, கம்பெனிப் பதிவாளருக்கான படிவத்தில் கையெழுத்திடும் கடைசி நாளன்று டோக்கன் கிடைக்கவில்லை என்ற செய்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குரோம் ரிமோட் டெஸ்க்டாப்போ நீங்கள் அந்த மேசையிலேயே அமர்ந்திருப்பதாகக் கணினியை எண்ணவைக்கிறது. ஆகவே அங்கே செருகியுள்ள டோக்கன் வேலை செய்யும்.

வேலை செய்யும் என்றாலும் செய்யாதீர்கள் என்பதே என் ஆலோசனை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 42ஆம் பிரிவு, கையொப்பத்துக்கான தனித் திறவுகோலைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க நியாயமான கவனம் எடுப்பது உரியவரின் கடமை என்று சொல்கிறது. பூட்டிய வீட்டில், இயங்கும் கணினியில், நான்கு மாதம் செருகிக் கிடக்கும் டோக்கன் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நாளை ஒரு தகராறில் யாரிடம் சொல்வீர்கள்? சில தணிக்கையாளர் அலுவலகங்களின் இழுப்பறையில் வாடிக்கையாளர்களின் டோக்கன்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பின் எண்ணை ஒரு துண்டுத் தாளில் ஒட்டி வைத்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தை வீட்டிலும் தொடர வேண்டாம். டோக்கனைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். படிவத்தைக் காரைக்குடிக் கணினியில் தயாரித்து, உலாவியின் பக்கவாட்டுப் பட்டையில் உள்ள கோப்புப் பரிமாற்ற வசதி மூலம் சென்னை மடிக்கணினிக்கு இறக்கி, அங்கே கையெழுத்திடுங்கள். டோக்கனை இயக்கும் டிரைவர் மென்பொருளை மகனின் மடிக்கணினியில் முன்கூட்டியே நிறுவ வேண்டும். டோக்கன் நிறுவனத்துக்கு ஒரு டிரைவர், அரசுத் தளத்துக்கு ஒரு கையொப்பச் செயலி, அவற்றின் பதிப்பு மாறினால் மறுபடி முதலிலிருந்து என்று நம்மை அலைக்கழிக்கும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் ஒருமுறையாவது தாமே கையெழுத்திட்டுப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. கிளம்புமுன் சான்றிதழின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

நீங்கள் சென்னையிலிருந்து செய்வதெல்லாம் காரைக்குடித் திரையிலும் தெரியும். எனவே கிளம்பும்போது மானிட்டரை அதன் பொத்தானில் அணைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் விண்டோஸைப் பூட்டிவிட்டே இணைப்பைத் துண்டியுங்கள். டேலி கோப்புகளின் நகல் ஒன்றை வன்தட்டில் எடுத்துச் செல்வதும் நல்லது. இலவசச் சேவையையே முழுதாக நம்பியிருக்க முடியாது; இதே போன்ற வசதியைத் தந்த லாக்மீஇன் நிறுவனம் 2014 ஜனவரியில் தன் இலவசச் சேவையைத் திடீரென நிறுத்தியபோது தவித்தவர்கள் பலர்.

இதே பக்கத்தில், பிறருக்குத் திரையைக் காட்டுவதற்கான 12 இலக்கக் குறியீடு ஒன்றை உருவாக்கும் வசதியும் உண்டு. அது 5 நிமிடம் செல்லும். வங்கியிலிருந்தோ கணினி நிறுவனத்திலிருந்தோ பேசுவதாகச் சொல்லி அந்தக் குறியீட்டைக் கேட்பவர் எவரானாலும் மோசடிக்காரர்தான். எனிடெஸ்க் செயலியை நிறுவச் சொல்லிப் பணத்தைச் சுருட்டும் முறையைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. குறியீட்டைக் கொடுத்துவிட்டால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே சோதித்துப் பாருங்கள். வீட்டு வைஃபையில் இணைத்துப் பார்ப்பது சோதனையாகாது. மகனின் மடிக்கணினியைக் கைப்பேசியின் டேட்டாவில் இணைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்த் திறந்து பாருங்கள். திறந்தால், வீட்டில் ஒருவரை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, யுபிஎஸ் தீர்ந்து கணினி நின்ற பிறகு மறுபடி போடச் சொல்லி, கணினி தானே எழுந்து உங்கள் பட்டியலுக்கு வருகிறதா என்று பாருங்கள்.