சிங்கப்பூர் – நியூயார்க் பயணம் ஆறு மணி நேரம் அல்ல

ஜூலையில் அம்மாவை நேரடி விமானத்தில் அனுப்புகிறீர்கள், டிக்கெட்டில் இரவு 11.45க்குக் கிளம்பி மறுநாள் காலை 6 மணிக்கு இறங்குவதாக இருக்கிறது, ஆறேகால் மணி நேரம்தானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை நண்பரே, இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும், அதையும் கூட்டினால் பதினெட்டேகால் மணி நேரம். குளிர்காலத்தில் வித்தியாசம் 13 மணி நேரமாகிவிடும். தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர், உலகின் மிக நீண்ட பயணிகள் விமானத் தடங்களில் ஒன்று.

திரும்பும்போது தேதியில் ஏமாந்துவிடாதீர்கள். ஞாயிறு இரவு அங்கே ஏறினால் இங்கே செவ்வாய் காலையில்தான் இறங்குவார், அழைத்துவர விடுப்பு எடுப்பதென்றால் அன்றைக்கு எடுங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை அம்மாவின் கால்தான். முட்டி வலி என்கிறீர்கள், இவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் வீங்கும், ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. நடைபாதையை ஒட்டிய இருக்கை வாங்குங்கள், அடிக்கடி எழுந்து நடக்கச் சொல்லுங்கள். அப்புறம், பிரஷர் மாத்திரையை எந்த ஊர் நேரப்படி போடுவது என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.