ராமநாதபுரத்திலிருந்து கூட்டமில்லாமல் நடந்து போய் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க எந்த மலைக்குப் போகலாம்?

நீங்கள் கேட்பது குளிரில் சிவக்கிற இலை என்றால், அக்டோபர் கடைசியில் காஷ்மீருக்குத்தான் போக வேண்டும். சினார் மரங்கள் அப்போதுதான் பழுத்து நிற்கும். நம் கடற்கரையில் ஏறுவதற்கு மலை கிடையாது. ராமேஸ்வரத்தின் கந்தமாதன பர்வதம் அந்தத் தீவிலேயே உயரமான இடம், அதுவும் ஒரு மணல்மேடுதான்.

ஆனால் செடி சிவப்பதைப் பார்க்க நான் வருஷா வருஷம் போகிற இடம் இங்கேயே இருக்கிறது. ஏர்வாடியைத் தாண்டி வாலிநோக்கம் பக்கம், உப்பளங்களை ஒட்டிய உவர்நிலம். முழங்கால் உயரம்கூட வளராத உமரி என்கிற உவர்நிலச் செடி அங்கே திட்டுத்திட்டாகப் படர்ந்து கிடக்கும். கார்த்திகை மழையில் நல்ல பச்சை. தை போய், தண்ணீர் வற்றி, மண்ணில் உப்பு ஏற ஏற நுனியிலிருந்து சிவக்கத் தொடங்கும். பங்குனியில் சில திட்டுகள் அப்படியே பீட்ரூட் நிறம்.

பீட்ரூட்டும் தண்டுக்கீரையும் உமரியும் ஒரே குடும்பத்துச் செடிகள். அவற்றின் சிவப்புக்குக் காரணமான நிறமியும் ஒரே வகை, பீட்டாலைன். குளிர்நாட்டு மேப்பிள் இலையின் சிவப்பு வேறு, அது ஆந்தோசயனின். அங்கே குளிர் செய்கிற வேலையை இங்கே உப்பும் வறட்சியும் செய்கின்றன. இது தெரிந்த பிறகு எனக்கு அந்த நிலத்தின் மேல் பிரியம் இன்னும் கூடிவிட்டது.

என் அப்பத்தா உமரியைப் பச்சையாக இருக்கும்போதே கிள்ளி வருவார். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பே போடாமல் தாளித்துத் தருவார். சிவந்த கொத்தை நான் பறித்து நீட்டினால், "அது உப்பக் குடிச்சிருச்சு, விட்ரு" என்பார். செடி நிறம் மாறுவதை நான் கவனிக்க ஆரம்பித்தது அந்த ஒரு பேச்சால்தான்.

சரி, போகிற விதம். ஏர்வாடி வரை பஸ் உண்டு. தர்காவில் சந்தனக்கூடு நடக்கிற நாட்களில் மட்டும் போகாதீர்கள், ஊரில் கால் வைக்க இடமிருக்காது. விடியும்போதே நிலத்தில் இருக்க வேண்டும். வெயில் சாய்வாக விழுகிற முதல் ஒரு மணி நேரத்தில் உமரியின் தண்டுக்குள் வெளிச்சம் புகுந்து, கண்ணாடி மணி மாதிரித் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் உப்பின் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும், சிவப்பும் மங்கிவிடும். வெள்ளையாக உப்புப் பூத்த இடத்தைக் கெட்டி என்று நம்பி மிதிக்காதீர்கள். மேலே மெல்லிய ஓடு, அடியில் களி. ஆட்டுத் தடம் எங்கே போகிறதோ அதன் மேலேயே நடங்கள், செடியும் மிதிபடாது. ரப்பர் செருப்பு வேண்டாம். சீமைக்கருவேல முள் அதைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறிவிடும். உப்பளத்துப் பாத்திகளுக்குள் இறங்கக் கூடாது. விடியலுக்கு முன்பே அங்கே ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். வரப்பில் நடக்க வேண்டுமென்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதே பருவத்தில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் நிற்கும். 2025 ஜூனில் அந்த இடத்தைப் பூநாரைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் தனுஷ்கோடியின் கோடி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு விடுமுறை நாளில் வண்டி வரிசை கட்டி நிற்கிறது. நீங்கள் அமைதி கேட்டதால் அதை இரண்டாவதாகத்தான் சொல்வேன்.

அப்புறம், பங்குனியில் போனால் திரும்பும்போது சாயல்குடிச் சாலைப் பக்கம் பதனீர் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பனையோலைப் பட்டையில் குடித்தால்தான் ருசி. மழை பிந்திய வருஷத்தில் உமரியும் பிந்தித்தான் சிவக்கும். அப்போது பயணத்தை இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள்.