வட சென்னை மொட்டை மாடியில் கள்ளி, காளான் போன்றவற்றை வளர்க்க முடியுமா? எதில் தொடங்குவது?

தண்டையார்பேட்டையில் வாடகை வீடு, மேலே மொட்டை மாடி, கடல் காற்று, உப்புத் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலைமையில் கள்ளி, பூச்சி தின்னும் செடி, காளான் மாதிரி வித்தியாசமானவற்றைச் சேர்த்து வளர்க்க முடியுமா என்பது கேள்வி. முடியும். ராயபுரத்தில் பதினோரு வருடமாக நான் வளர்த்துக்கொண்டிருக்கிறேன். மாடியில் இப்போது நூற்று நாற்பது தொட்டிகளுக்கு மேல் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் கள்ளியைச் சாகடிப்பது வெயில் இல்லை, ஈரம். சென்னைக்கு வருடத்தில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்திலேயே கொட்டிவிடும். மெக்சிகோவின் வறண்ட நிலத்திலிருந்து வந்த ஒரு செடிக்கு அந்த மூன்று மாதம்தான் கண்டம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, மழை படக்கூடாது என்று தொட்டிகள் மேல் தார்ப்பாயை இழுத்து, நாலு பக்கமும் செங்கல் வைத்து மூடினேன். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், கரண்ட் இல்லை, மாடிக்குப் போகவே முடியவில்லை. நான்காம் நாள் தார்ப்பாயைத் தூக்கியதும் ஊறிக் கிடந்த துணியின் வாடை முகத்தில் அடித்தது. அஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ் என்று ஒரு கள்ளி. முள்ளே இருக்காது, உருண்டை மேல் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். விதை போட்டு ஐந்து வருடம் வளர்த்து எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது. புள்ளிகள் எல்லாம் பளிச்சென்று அப்படியே இருந்தன. சரி, தப்பித்துவிட்டது என்று விரலை வைத்தேன். கனிந்த சப்போட்டா போல விரல் உள்ளே போய்விட்டது. அதன் மேல் ஒரு சொட்டு மழை விழவில்லை. நவம்பர் மழையில் மண்ணில் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் நான்தான் மூடி வைத்திருக்கிறேன். அன்று பதினேழு தொட்டிகள் போயின. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இப்போது மேலே ஃபைபர் ஷீட் கூரை மட்டும்தான். நாலு பக்கமும் திறந்திருக்கும். சாரல் அடித்தாலும் காற்று உடனே காய வைத்துவிடுகிறது. புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டிகளை மாடிப்படிக்குத் தூக்கிவிடுவேன், மூட மாட்டேன்.

மண் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நர்சரியில் கள்ளி பெரும்பாலும் வெறும் கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த் தூளில் வரும். அது நம் புழுக்கத்தில் காயவே காயாது. வாங்கிய அன்றே எடுத்து, வேரை உதறி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு மாற்றி வைக்க வேண்டும். என் கலவையில் முக்கால் பங்கு கல்: உடைத்துச் சலித்த செங்கல் ஜல்லி, பியூமிஸ் என்ற லேசான எரிமலைக்கல், கொஞ்சம் அடுப்புக்கரி. மீதிக் கால் பங்கு செம்மண்ணும் மக்கிய இலை உரமும். செங்கலுக்குப் பஞ்சமில்லை, எங்கேயாவது ஒரு வீட்டை இடித்துக்கொண்டே இருப்பார்கள். மேலே பரப்பும் பொடிக்கல்லைக் கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் வாங்குகிறேன். தொட்டிக்குப் பதில் காசிமேட்டு மீன் பெட்டிகள், அதாவது அந்தத் தெர்மகோல் பெட்டிகள், நாற்று வளர்க்க மிக நல்லவை. வேரைச் சூடேறாமல் காக்கும். அடியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டு, உப்புப் போக நான்கைந்து முறை கழுவி, வெயிலில் ஒரு வாரம் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

தண்ணீர்தான் நம் பக்கத்தில் பெரிய சிக்கல். போர் தண்ணீரை ஊற்றினால் சில மாதத்தில் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அது வேரிலும் பூத்திருக்கிறது என்று அர்த்தம். மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து வையுங்கள், மூடி போட்டு, கொசு வராமல். ஏசி இருந்தால் அதிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. பக்கத்து வீட்டு ஏசிக் குழாய்க்குக் கீழே அனுமதி கேட்டு ஒரு கேன் வைத்திருக்கிறேன். பூச்சி தின்னும் ட்ரோசெராவுக்கு அந்தத் தண்ணீர் மட்டும்தான். அந்தச் செடி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்பதில்லை, ட்ரோசெரா பர்மானி தமிழ்நாட்டு ஈர மணலிலேயே வளர்வது. ஒரு ரூபாய் நாணயம் அளவு, சிவப்பு, நுனி முடிகளில் பசைத் துளி. உரம் போடாதீர்கள், செத்துவிடும். பூச்சியை அது பார்த்துக்கொள்ளும்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கள்ளி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவுக் குளிர்ச்சியில் திறந்துதான் காற்றை இழுக்கும். நம் மே மாத இரவு 28, 29 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நிற்கும்போது பல வகைகள் வளர்ச்சியை நிறுத்திவிடும். வாடுகிறதே என்று அப்போது ஊற்றினால் அழுகும். கூழாங்கல் போல இருக்குமே, லித்தாப்ஸ், அதை மூன்று முறை வாங்கினேன்; மூன்று முறையும் ஜூனைப் பார்க்கவில்லை. அதைத் தொடக்கத்தில் வாங்காதீர்கள்.

வீட்டில் எதிர்ப்பு வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வரும். கீழ் வீட்டு ஆயா முதல் வருடம் என்னிடம் பேசவே இல்லை. "கள்ளி சுடுகாட்டுல இருக்கறது, அத்த வூட்டுல வைப்பாங்களா?" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. சங்கப் பாடல்களிலேயே கள்ளி பாலை நிலத்திலும் சுடுகாட்டிலும்தான் நிற்கிறது. ஆனால் அந்தக் கள்ளி வேறு. அமெரிக்கக் கண்டத்துச் செடியான கேக்டஸ், கொலம்பஸ் பயணத்துக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்திருக்க முடியும். நம் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் யூஃபோர்பியா குடும்பம். கீறினால் பால் வரும், அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கேக்டஸில் முள் முளைக்கும் இடத்தில் சின்னப் பஞ்சுத் திட்டு இருக்கும், யூஃபோர்பியாவில் அது கிடையாது. ஊரெங்கும் வேலியில் பார்க்கிற சப்பாத்திக்கள்ளிதான் அசல் கேக்டஸ். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதராஸில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கும்பினி மருத்துவர், சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். அந்தப் பூச்சி மாவுப்பூச்சி போல வெள்ளையாகக் கள்ளியில் ஒட்டியிருக்கும், நசுக்கினால் ரத்தச் சிவப்பு.

இத்தனையும் சொல்லி ஆயாவை மாற்ற முடியவில்லை. ஒரு பூ மாற்றியது. எபிஃபில்லம், நம் ஆட்கள் பிரம்ம கமலம் என்பார்கள் (உண்மையான பிரம்ம கமலம் இமயமலைச் செடி, சம்பந்தமே இல்லை). இலை மாதிரி தட்டையாக இருந்தாலும் இதுவும் கேக்டஸ்தான். ஒரு ஜூலை இரவு எட்டரை மணிக்கு மொட்டு மெல்ல ஆட ஆரம்பித்தது. ஆயாவைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்து வந்து நாற்காலி போட்டேன். பத்தரைக்குள் ஒரு சாப்பாட்டுத் தட்டில் முக்கால் அளவுக்கு விரிந்தது, உள்ளே ஏகப்பட்ட மகரந்தக் காம்புகள், தெரு வரைக்கும் வாசனை. துறைமுகப் பக்கம் லாரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆயா கற்பூரம் ஏற்றினார். விடிந்ததும் பூ கழுத்து ஒடிந்த மாதிரி தொங்கியது. "ஒரு ராத்திரிக்கா இத்தன அழகு" என்றார். இப்போது அந்தச் செடியின் துண்டு ஒன்று அவர் வீட்டு வாசலில் இருக்கிறது.

காளானுக்கு வருகிறேன். மொட்டுக் காளானை நம் வீட்டில் நினைக்கவே வேண்டாம், குளிர் வேண்டும். நம் வெயிலுக்கென்றே இருப்பது பால் காளான். 30, 35 டிகிரியில் செழிப்பாக வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏபிகே 2 என்ற ரகத்தை வெளியிட்டது. தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் வைக்கோல் கேளுங்கள். நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. பாலிதீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு காளான் வித்து. மாடிப்படிக்குக் கீழே வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் பை முழுக்கக் காளானின் வெள்ளை இழை ஓடும். அப்புறம் பையைப் பாதியாக வெட்டி, வேகவைத்து ஆறிய மண்ணை இரண்டு சென்டிமீட்டர் போட வேண்டும். இந்த மேல்மண் இல்லாமல் பால் காளான் முளைக்காது. சிப்பிக் காளானுக்கு மேல்மண் தேவையில்லை, ஆனால் அதை மழைக்காலத்துக்கும் மார்கழிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் சிப்பிக் காளானைப் படுக்கையறைப் பக்கம் வைக்காதீர்கள். அது கொட்டும் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

தானாக முளைப்பதை எதையும் சாப்பிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். தொட்டியில் எலுமிச்சை மஞ்சளில் ஒரு குடைக்காளான் வரும், செடிக்குக் கெடுதல் இல்லை, வயிற்றுக்குக் கெடுதல். பார்த்து ரசியுங்கள்.

ரசிப்பதென்றால் எனக்குப் பிடித்தது பறவைக்கூடு காளான். போன ஐப்பசியில் மக்கிப்போன ஒரு மரத்துண்டில் தானாக வந்தது. ஒரு சட்டைப் பொத்தான் அகலத்தில் கிண்ணம், உள்ளே துவரம்பருப்பை விடச் சிறிதாகச் சாம்பல் நிற முட்டைகள் நாலைந்து. மழைத்துளி கிண்ணத்தில் விழும் வேகத்தில்தான் அந்த முட்டை வெளியே தெறிக்கும், அதற்குள்தான் அதன் வித்து இருக்கிறது. ஸ்டூல் மேல் ஏறி, பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் டிராப்பரால் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஏழெட்டுச் சொட்டு குறி தப்பியது. அடுத்தது சரியாக விழுந்தது. முட்டை பறந்து போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. அளந்து பார்த்தேன், அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் "இம்போர்ட்டட், அரிய வகை" என்று வடுவும் தழும்புமாக, வேர் வெட்டுப்பட்டு வருகிற பெரிய செடியை வாங்காதீர்கள். அது பாலைவனத்திலிருந்து பிடுங்கியதாக இருக்கலாம். சிலியிலிருந்து திருடப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகளை இத்தாலியில் 2020இல் பிடித்தார்கள். பலவற்றை மறு வருடம் சிலிக்கே திருப்பி அனுப்பினார்கள். ஒரு அங்குலம் வளர எத்தனையோ வருடம் எடுக்கும் செடி அது. விதையிலிருந்து வளர்த்ததை வாங்குங்கள், அல்லது நீங்களே விதை போடுங்கள்.

தொடங்க நல்ல சமயம் பொங்கல் கழிந்த வாரம். மழை நின்றிருக்கும், இரவு குளிர்ச்சியாக இருக்கும், வேர் பிடிக்க மூன்று மாதம் கிடைக்கும். மாதவரம் பக்கத்து நர்சரியில் ஒரு மாமில்லேரியா (சின்ன உருண்டைக் கள்ளி), ஒரு அடீனியம் (அடி பருத்த பூச்செடி), ஒரு டிராகன் ஃப்ரூட் குச்சி வாங்குங்கள். ஒரு கள்ளியை இன்னொன்றின் மேல் ஒட்டுப் போடப் பழக டிராகன் ஃப்ரூட் குச்சிதான் அடிச்செடி, அதற்கு நம் வெயில் மிகவும் பிடிக்கும். எபிஃபில்லத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், என்னிடம் கேட்டால் ஒரு துண்டு வெட்டித் தருகிறேன்.