அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்குப் படுவான்கரையில் குத்தகைக் காணியில் வேளாண்மை, இடையிடையே மேசன் வேலை. இவர் வீட்டில் தைக்கிறார். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இரண்டு பேர். "ஒவ்வொரு வருடமும் வருடத் தொடக்கத்தில் கோயிலில் நடக்கிற உடன்படிக்கை ஆராதனை முடிந்து வரும்போது தீர்மானம் எடுக்கிறேன். நாலு மணிக்கு எழும்புவது, நாலு அதிகாரம் வாசிப்பது, வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்தைத் தவறாமல் கொடுப்பது, கணக்கு எழுதுவது, போனைக் குறைப்பது. தைப்பொங்கலுக்கு முன்பே நாலு மணி போய்விடும். மாசிக்குள் மற்றதெல்லாம் போய்விடும். போன வருடம் ஒரு கூட்டத்தில் காணிக்கை தருவதாகப் பொருத்தனை பண்ணி, சீட்டுக்காசு எடுத்துக் கட்டினேன். வாரக் கடனும் இரண்டு இருக்கிறது. நல்ல உக்கிராணக்காரியாக இருக்க எதில் தொடங்குவது, ஐயா?"

பதில்: மகள், உங்கள் கடிதத்தில் ஐந்து தீர்மானங்கள் இருக்கின்றன. அதில் நாலை இப்போதைக்கு வெட்டிவிடப் போகிறேன். கோபிக்க வேண்டாம்.

உக்கிராணம் என்பது பண்டங்கள் வைக்கிற களஞ்சிய அறை. அதன் திறப்பு யார் இடுப்பில் தொங்குகிறதோ அவர்தான் உக்கிராணக்காரர். நெல்லும் எண்ணெயும் எசமானுடையவை, திறப்பு மட்டும் இவர் கையில். லூக்கா 16ஆம் அதிகாரத்தில் எசமான் தன் உக்கிராணக்காரனைக் கூப்பிட்டு என்ன கேட்கிறார் என்று பாருங்கள். எத்தனை மணிக்கு எழும்பினாய், எத்தனை அதிகாரம் வாசித்தாய் என்று கேட்கவில்லை. கணக்கைக் கொண்டு வா என்கிறார். ஆகவே உங்கள் ஐந்தில் நான் விட்டுவைப்பது கணக்கு ஒன்றைத்தான்.

ஒரு கொப்பி வாங்குங்கள். அதை மேசையிலோ அலுமாரியிலோ வைக்க வேண்டாம், குசினியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள். பேனையை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் கொண்டுபோய்விடுவார்கள். இரவுச் சோற்றுக்கு அரிசி போட்டு அடுப்பில் வைத்ததும், அது கொதிக்கிறதற்குள், இன்றைக்கு வந்த காசு என்ன, போன காசு என்ன என்று எழுதுங்கள். இரண்டு மூன்று வரி போதும். மறந்ததை மறந்தது என்றே எழுதுங்கள். தொகை தெரியாவிட்டால் "கடை, ஏதோ" என்று எழுதினாலும் பரவாயில்லை.

ஏன் அரிசிப் பானை? உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ பிடியரிசி போட்டதைக் கண்டிருப்பீர்கள். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பானை நிரம்பினால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். சபையில் வசதியில்லாதவர்களுக்கு அது சோறாகும். ஒரு பிடி நாற்பது கிராம் இருக்குமா? இரண்டு நேரமும் சமைக்கிற வீட்டில் மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் சேரும். வீட்டுச் சோற்றில் குறை தெரியாது. அதற்கென்று யாரும் மணி அடித்து எழும்பவில்லை, தீர்மானப் படிவம் நிரப்பவில்லை. எப்படியும் செய்கிற ஒரு வேலையின் வாலில் இன்னொன்றைக் கட்டிவிட்டார்கள். அரிசி அளந்த கை தானாகப் பானைக்குப் போனது. பழக்கம் என்பது இப்படித்தான் பிடிக்கும். நாலு மணி என்ற தீர்மானத்தைக் கட்டிவைக்க உங்களிடம் எந்த வாலும் இல்லை. இரவு பதினொன்றுக்கு மெசினை விட்டு எழும்புகிற ஒருத்தி நாலு மணிக்கு எழும்பவில்லை என்று தன்னையே குற்றம் சாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று கூட்டங்களில் சொல்வார்கள். நம்ப வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு காரியம் யோசிக்காமல் நடக்கிற அளவுக்கு வர நடுத்தரமாக 66 நாள் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய நட்டம் எதுவும் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. நீங்கள் மாசியில் விட்டது தோல்வி என்று யார் சொன்னது? பாதி வழியில் இறங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

என் கதை ஒன்றும் சொல்கிறேன். நான் சபைப் பொருளாளராக இருந்த காலத்தில் ஒரு ஞாயிறு காணிக்கையை எண்ணிவிட்டு, நாளைக்கு எழுதலாம் என்று பையில் வைத்தேன். எழுதியது செவ்வாய்க்கிழமை. ஆயிரத்து எழுநூறு ரூபாய் இடித்தது. இரண்டு இரவு தூக்கம் இல்லை. கடைசியில் என் ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது, நானே வைத்து மறந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்ட என்னிடம் ஒரு வரி இல்லை.

மெதடிஸ்த சபைக்காரியான உங்களுக்கு ஜோன் வெஸ்லியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயா, வெஸ்லி தொடங்கிய மெதடிஸ்த இயக்கத்தின் ஆள்தான். வெஸ்லிக்கு ஒரு வருடம் 30 பவுண் வருமானம். 28இல் வாழ்ந்து 2ஐக் கொடுத்தார். அடுத்த வருடம் 60 வந்தது, அப்போதும் 28இல் வாழ்ந்து 32ஐக் கொடுத்தார். 90 வந்தபோதும் 120 வந்தபோதும் அந்த 28 மாறவில்லை. பிரசங்கங்களில் அவர் கொடுத்ததைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த 28தான் ஆச்சரியம். தன் வீடு எவ்வளவில் ஓடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் முதுமை வரை கணக்குப் புத்தகம் எழுதியவர் அவர். உங்கள் வீட்டின் 28 என்ன என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. இரண்டு மாதம் எழுதினால் தெரிந்துவிடும்.

அந்த எண் தெரியும்வரை புதிதாக எந்தப் பொருத்தனையும் பண்ண வேண்டாம். சீட்டெடுத்துக் கட்டிய காணிக்கையைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன், அது உங்கள் பிள்ளைகளின் பாற்காசு. இல்லாததைக் கொண்டு அல்ல, உள்ளதைக் கொண்டே கொடுக்கிற மனம் அங்கீகரிக்கப்படும் என்பது கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபம், 8ஆம் அதிகாரம். கூலி ஒழுங்காக வராத வீட்டுக்கு அதே பவுல் முதல் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் நல்ல வழி சொல்கிறார்: வாரத்தின் முதல் நாளில், அந்த வாரம் கிடைத்ததற்குத் தக்கதாகத் தன்னிடத்தில் சேர்த்து வைப்பது. மேசன் வேலை இல்லாத வாரம் சின்னத்தொகை. தைத்த காசு வந்த வாரம் கொஞ்சம் கூட. வேளாண்மை வெட்டிய காசில் விதைநெல், பசளை, உழவு, வெட்டு மெசின் கூலி, குத்தகை எல்லாம் கழித்து மிஞ்சுவதில்தான் பத்தில் ஒன்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இதில் என்னோடு உடன்படாத போதகர்கள் உண்டு. உங்கள் போதகரிடம் கடன் விபரத்தை மறைக்காமல் சொல்லி அவரையும் கேளுங்கள்.

வாரக் கடன் இரண்டையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். எவ்வளவு எடுத்தது, இதுவரை எவ்வளவு கட்டியது, இன்னும் எத்தனை வாரம். ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுக்கிற நாள்தான் ஆபத்தான நாள். குறைந்த வாரங்கள் மிச்சமிருப்பதை முதலில் முடியுங்கள். முடிந்ததும், அந்தத் தவணைக் காசை மற்றக் கடனுக்கு மேலதிகமாகக் கட்ட விடுவார்களா, கட்டினால் வட்டி குறையுமா என்று விசாரியுங்கள். குறையாது என்றால் அதைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். பெரும்போகக் காசு மாசி, பங்குனியில் ஒரேயடியாக வரும்போது வீட்டில் எல்லோருக்கும் பணக்காரர் என்ற நினைப்பு வந்துவிடும். யோசேப்பு எகிப்தில் விளைச்சல் நல்லாயிருந்த வருடங்களில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொன்னார். ஐந்தில் ஒன்று உங்களுக்கு முடியாமல் இருக்கலாம், ஆனால் கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் மேசன் வேலை நிற்கிற வாரங்களுக்கு என்று கொஞ்சமாவது அன்றைக்கே பிரித்துவிடுங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்களையும் தண்ணீர் புகாத பையொன்றில் போட்டு உயரத்தில் வையுங்கள், அதுவும் உக்கிராணந்தான்.

வேத வாசிப்பைக் கைவிடச் சொல்லவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் மெசினில் உட்காருவீர்கள் அல்லவா? நூல் கோர்க்க முதல் ஒரு சங்கீதம். நாலு அதிகாரம் பிறகு வரட்டும். போனை மெசின் இருக்கிற அறைக்குள் கொண்டுபோகாமல் விட்டாலே அந்தப் பிரச்சினை பாதி முடிந்துவிடும்.

கணவர் கணக்குக் கொப்பியைக் கண்டால் என்ன சொல்வாரோ என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய செலவை அதில் சிவப்பு மையில் எழுதாதீர்கள், "இவர் எடுத்தது" என்று வழக்குப் போடாதீர்கள். ஒரு சண்டையில் அந்தக் கொப்பியைத் தூக்கிக் காட்டினால் அன்றோடு அது முடிந்துவிடும். முதல் மாதம் உங்கள் கையால் போனதை மட்டும் எழுதுங்கள். அவராகவே ஒரு நாள் புரட்டிப் பார்ப்பார்.

அடுத்த உடன்படிக்கை ஆராதனை வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்குக் கடைக்குப் போனால் எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். இரவு அரிசி போட்டதும், முதல் வரியில் அந்தக் கொப்பியின் விலையை எழுதுங்கள்.